ராப்பர் சினிமாவுக்குள் நுழையும்போது என்னென்ன கைமாறுகிறது?

2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடப்பட்டது. மேடையில் பாடகி தீ இருந்தார், கிடாக்குழி மாரியம்மாள் இருந்தார், ராப்பர் அறிவு இல்லை. சில நாட்களில் அறிவு இன்ஸ்டாகிராமில் எழுதினார்: பாட்டை இசைத்ததும் எழுதியதும் பாடியதும் தான்தான் என்று. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அதற்கு விரிவாகப் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே இன்னொரு காணொளியில், இந்தப் பாட்டிலிருந்து கலைஞர்கள் யாருக்கும் இதுவரை வருமானம் வரவில்லை என்றார்.

ஊர் முழுக்க ஒலித்த ஒரு பாட்டில் 'யார் இசைத்தது', 'யாருக்குக் காசு' என்ற இரண்டு கேள்விகளும் எப்படித் தீராமல் நிற்கின்றன என்று பலரும் குழம்பினார்கள். அது சினிமாப் பாட்டுகூட இல்லை. அதே ராப்பர் ஒரு படத்துக்குள் போனால் சிக்கல் இன்னும் கூடும். ஏனென்றால் தனிப்பாடலில் ஒரே ஆள் கையில் இருக்கும் விஷயங்களைச் சினிமா தனித்தனியாகப் பிரித்துத் தனித்தனி ஆளிடம் கொடுக்கிறது.

ஒரு பாட்டுக்குள் நான்கு உரிமைகள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 'பாட்டு' என்ற ஒன்றை முழுசாகப் பார்ப்பதில்லை. அதன் கணக்கில் இருப்பவை இவை:

1. வரிகள். இது இலக்கியப் படைப்பு, உரிமை எழுதியவருக்கு. அவர் ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 வருடமும் நீடிக்கும்.

2. இசை. இது இசைப் படைப்பு, உரிமை இசையமைத்தவருக்கு. இதற்கும் ஆயுளோடு 60 வருடம்.

3. ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர். பதிவுக்குப் பணம் போட்டுத் தயாரித்தவர்தான் சட்டத்தில் இதன் 'ஆசிரியர்'. வெளியானதிலிருந்து 60 வருடம்.

4. நிகழ்த்துநர் உரிமை. மைக் முன்னால் நின்று பாடியவருக்கு. இது 50 வருடம்.

பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் தாளமும் இசையும்) செய்யும் நண்பர் ஒருவர், ஒரு மைக், ஒரு லேப்டாப் என்று இயங்கும் ராப்பரிடம் முதலாவதும் நான்காவதும் முழுதாக இருக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பங்கு இருக்கும். படத்துக்குப் போனால் மூன்றாவது தயாரிப்பாளருக்கும், அவரிடமிருந்து ஆடியோ லேபிளுக்கும் (பாட்டுகளை வெளியிடும் நிறுவனம்) போய்விடும். இரண்டாவது இசையமைப்பாளருடையது. மிஞ்சுவது வரிகளும் குரலும். அதிலும் வரிகளுக்கு வேறொருவர் பெயர் போட்டுவிட்டால் குரல் மட்டும்தான்.

ஆகவே ஒரு ராப்பர் சினிமாவில் எவ்வளவு பெரிய படத்தில் பாடினார் என்பதைவிட, பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. சம்பளப் பேச்சில் எல்லோரும் தொகையைத்தான் பேசுகிறார்கள். வரிக்கான பெயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

இதுவரை போன வழிகள்

1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வந்தபோது தமிழில் ராப்பர் என்ற தொழிலே கிடையாது. சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீது பாடினார்கள். அது திரையிசைக்காரர்கள் தாங்களே செய்துகொண்ட ராப்.

வெளியிலிருந்து ராப்பர் உள்ளே வந்த முதல் வலுவான வழி மலேசியா வழியாக வந்தது. யோகி பி - நட்சத்திராவின் 'வல்லவன்' ஆல்பம் 2006-ல் வெளியானது. அதிலிருந்த 'மடை திறந்து' (மூலப் பாட்டு 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தினுடையது) இங்கே கல்லூரி விழாக்கள் வரை பரவியது. அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' மறு ஆக்கத்தில் யோகி பி குரல் கேட்டது. பிறகு 'ஆடுகளம்', 'விவேகம்', 'விடாமுயற்சி' என்று அவர் தொடர்ந்து வந்தாலும் ஒவ்வொரு முறையும் விருந்தாளிக் குரல்தான். பாட்டு இசையமைப்பாளருடையது, நடுவே ஒரு பகுதி ராப்பருடையது. இன்றும் அதிகம் நடப்பது இந்த வழிதான். 'லியோ' படத்தின் 'நா ரெடி'யில் (2023) அசல் கோலார் வந்தது, 'பிரதர்' படத்தின் 'மக்காமிஷி'யில் (2024) பால் டப்பா வந்தது எல்லாம் ஏற்கெனவே தனிப்பாடலில் பெயர் வாங்கிய குரலைப் படம் அழைத்துக்கொண்ட கதை.

இரண்டாவது வழி ஹிப்ஹாப் தமிழாவினுடையது. ஆதியும் ஜீவாவும் 2011-ல் 'கிளப்புல மப்புல' மூலம் கவனம் பெற்று, 2012-ல் ஆல்பம் போட்டு, 2013-ல் 'எதிர்நீச்சல்' படத்தின் தலைப்புப் பாட்டில் விருந்தாளியாக வந்தார்கள். அங்கேயே நிற்கவில்லை. 2015 பொங்கலுக்கு வந்த 'ஆம்பள' படத்தில் இசையமைப்பாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதே ஆண்டில் 'தனி ஒருவன்'. 2017-ல் 'மீசைய முறுக்கு' படத்தை ஆதி எழுதி, இயக்கி, நடித்தார். உரிமைக் கணக்கில் பார்த்தால் இது புத்திசாலித்தனமான நகர்வு: வரி, இசை, குரல் மூன்றும் ஒரே கூடாரத்துக்குள் திரும்பிவிட்டன. ஆனால் இந்த வழி எல்லோருக்கும் திறக்காது. பின்னணி இசை போடத் தெரியவேண்டும், இரண்டு மணி நேரப் படத்தைத் தாங்கவேண்டும். ராப் திறமை வேறு, அது வேறு.

மூன்றாவது வழி எழுத்தாளராக நுழைவது. அறிவு 'காலா'வில் (2018) 'உரிமையை மீட்போம்' எழுதினார். 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு'க்கு வரியும் அவர், குரலிலும் அவர் பங்கு உண்டு. 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி'யைக் கனடாவில் வாழும் ஷான் வின்சென்ட் டி பாலும் நவ்ஸ்-47-ம் பாட, வரிகளில் அறிவின் பெயர் இருக்கிறது. 'காலா'விலேயே தாராவியிலிருந்து வந்த டோப்அடெலிக்ஸ் குழு ராப் செய்ததோடு 'செம்ம வெயிட்டு'வின் வரிகளிலும் பெயர் பெற்றது. மலையாளத்தில் ராப்பர் வேடன் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்கு எழுதிப் பாடிய 'குதந்திரம்', கேரள அரசின் சிறந்த பாடலாசிரியர் விருதை 2025-ல் பெற்றுத் தந்தது. விருதை ஒட்டிய சர்ச்சை தனிக்கதை. இங்கே கவனிக்கவேண்டியது, ஒரு ராப்பர் பாடகராக இல்லாமல் பாடலாசிரியராக எண்ணப்பட்டார் என்பது.

நான்காவது, ஏற்கெனவே வெளியான பாட்டைப் படம் எடுத்துக்கொள்வது. மும்பை ராப்பர்கள் டிவைனும் நேசியும் 2015-ல் வெளியிட்ட 'மேரே கல்லி மே', 2019-ல் 'கல்லி பாய்' படத்துக்குள் புதிதாக வந்தது. இதன் சிக்கல்கள் வேறு வகை, பின்னால் பார்ப்போம்.

2012 திருத்தம்: பாதி பேருக்குத் தெரியாத கவசம்

1977-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பின்படி, தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன வரியும் இசையும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே சொந்தம். 35 வருடம் பாடலாசிரியர்கள் ஒரு தடவைச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போனதற்கு அடிப்படை இதுதான். 2012 ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இதை மாற்றியது.

1. பிரிவு 18-ன்படி, படத்தில் இடம்பெறும் வரியையும் இசையையும் படைத்தவர்கள் தங்கள் உரிமையை லேபிளுக்கு எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. 'ராயல்டி வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றிக் கொடுக்கலாம்.

2. ஒரு விலக்கு உண்டு. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஓடும் பாட்டுக்கு இந்த ராயல்டி கிடையாது. டிவி, ரேடியோ, ஸ்ட்ரீமிங், மேடை, ஹோட்டல் ஸ்பீக்கர் எல்லாம் கணக்கில் வரும்.

3. இதே பாதுகாப்பு சினிமா அல்லாத ஒலிப்பதிவுக்கும் உண்டு. தனிப்பாடல் லேபிளிடம் கையெழுத்திட்ட ராப்பருக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

4. பாடகருக்கான பாதுகாப்பு இதைவிட மெலிது. பிரிவு 38ஏ-யின்படி, தன் குரலைப் படத்தில் சேர்க்க எழுத்து மூலம் சம்மதித்தவர், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பிறகு தயாரிப்பாளரைத் தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்று சட்டம் சொன்னாலும், வரிக்கும் இசைக்கும் இருப்பதுபோல 'விட்டுக்கொடுக்க முடியாது', 'சம பங்கு' என்ற பிடிமானம் அதில் இல்லை.

5. பெயர் போடச் சொல்லும் உரிமை எழுதியவருக்குப் பிரிவு 57-லும், பாடியவருக்குப் பிரிவு 38பி-யிலும் இருக்கிறது. உரிமையை விற்றபின்னும் இது தொடரும்.

முதல் புள்ளியையும் நான்காவது புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடலாசிரியர் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரியும். வரிக்கும் இசைக்கும் வசூலிக்கும் சங்கம் ஐபிஆர்எஸ். வழக்கமான பிரிப்பில், வசூலான 100 ரூபாயில் 50 உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, 25 இசையமைப்பாளருக்கு, 25 பாடலாசிரியருக்கு. ஒரு பாட்டில் முதன்மைப் பாடலாசிரியர் ஒருவர், ராப் பகுதியை எழுதியவர் ஒருவர் என்றிருந்து, இருவரும் சமமாகப் பிரித்துக்கொண்டால் ராப்பருக்கு 12 ரூபாய் 50 காசு. அதே ராப்பர் தன் வரியைத் தானே எழுதி, 'ராப்: இன்னார்' என்று மட்டும் பெயர் வந்திருந்தால் இந்த 100 ரூபாயில் அவர் பங்கு பூஜ்யம். எழுதிய வேலை ஒன்றுதான். பெயர் நின்ற இடம் மட்டும் வேறு.

'ராப்' என்ற தலைப்பில் தனியாகப் பெயர் போடுவது பார்க்க மரியாதையாக இருக்கும். ஆனால் அது எந்த உரிமையையும் சொல்லாத சொல். சட்டத்தில் அப்படி ஒரு இனமே இல்லை.

ஃப்ளோ யாருடையது?

இதுதான் உண்மையான முடிச்சு. ராப்பரின் கண்டுபிடிப்பு வரியில் மட்டும் இல்லை. எந்த அசையை எந்தத் தட்டில் வைப்பது, எங்கே மூச்சு விடுவது, எங்கே பீட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய்ச் சொல்வது என்ற தாளக் கட்டுமானம்தான் அவருடைய கையெழுத்து. இதைத்தான் ஃப்ளோ என்கிறார்கள். ஆனால் சட்டம் 'இசைப் படைப்பு' என்பதற்குத் தரும் விளக்கம், இசையோடு பாடவோ பேசவோ படும் சொற்களை வெளிப்படையாக விலக்குகிறது. சொற்களுக்கான பாதுகாப்போ எழுத்தைக் காப்பாற்றும். அந்த எழுத்து எந்தத் தாளத்தில் சொல்லப்பட்டது என்பதை அல்ல. ஆக, ஃப்ளோ இரண்டுக்கும் நடுவே விழுகிறது.

இதை ஒப்பந்தத்தில்தான் தீர்க்க முடியும், தீர்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்க ராப்பர் எமினெமின் 'லூஸ் யுவர்செல்ஃப்' 2003-ல் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் வாங்கியபோது வரிக்கு அவர் பெயர் இருந்ததோடு, இசைக்கும் ஜெஃப் பாஸ், லூயிஸ் ரெஸ்டோவுடன் சேர்த்து அவர் பெயர் இருந்தது. 'கல்லி பாய்' படத்தின் 'அப்னா டைம் ஆயேகா'வில் இசை டப் ஷர்மாவும் டிவைனும், வரி டிவைனும் அங்குர் திவாரியும். இந்திய சினிமாவில் ராப்பருக்கு இசையிலும் பங்கு கொடுக்க முடியாது என்பது இல்லை. கேட்க வேண்டும், பதிவுக்கு முன்பே கேட்கவேண்டும். பாட்டு ஹிட் ஆனபிறகு 'டியூன் நான் போட்டது', 'இல்லை நான் போட்டது' என்று ஆரம்பித்தால் நிரூபிக்க யாரிடமும் கைவசம் தாள் இருக்காது.

நடைமுறையில் உதவக்கூடியது, முதல் நாளிலிருந்து வரும் வரைவுகளைப் பத்திரப்படுத்துவது. போனில் பதிந்த ஸ்க்ராட்ச் (மாதிரிப் பதிவு), தேதியோடு அனுப்பிய வாய்ஸ் நோட், ஸ்டுடியோவின் புராஜெக்ட் ஃபைல். இசையமைப்பாளர் கொடுத்த ட்ராக்கில் டியூன் இருந்ததா, வெறும் தாளமும் பேஸும்தான் இருந்ததா என்பதை அவைதான் சொல்லும். ஹூக்குக்கு (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) ராப்பரே மெட்டுப் போட்டிருந்தால், அது சொற்கள் இல்லாமலேயே முணுமுணுக்கக்கூடிய மெட்டாக இருந்தால், அவர் இசையிலும் பங்கு கேட்கச் சட்டப்படி நல்ல காரணம் இருக்கிறது. வெறும் ராப் பகுதிக்கு அந்த வாதம் பலவீனம்.

பதிவில் எது கெட்டுப்போகிறது

தனிப்பாடலில் ராப்பர் தனக்குப் பிடித்த பீட்டை எடுத்து வரிகளை அதன்மேல் வளர்க்கிறார். சினிமாவில் சிச்சுவேஷன், கதாநாயகன், நீளம் எல்லாம் முன்பே முடிவாகி வரும். பொதுவாகக் கேட்பது 8 பார் அல்லது 16 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று). நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 விநாடி, 16 பார் சுமார் 43 விநாடி. வேகம் 140 என்றால் அதே 16 பார் 27 விநாடியைச் சற்றுத்தான் தாண்டும். இயக்குநர் '30 விநாடி' என்று சொல்லும்போது எத்தனை பார் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ளாமல் எழுதினால், எழுதியதில் பாதி எடிட்டில் போகும். போவது பெரும்பாலும் கருத்துச் சொல்லும் பாதி.

இரண்டாவது, தாளம். தமிழ்க் குத்துப் பாட்டுகள் பலவும் திஸ்ர நடையில், ஆறு எட்டுக் கணக்கில் ஓடும். ராப்பர்கள் பழகியது நான்கு நான்காகப் பிரியும் சதுஸ்ரம். ஒரு பாரில் 16 இடம் வைத்து எழுதிய வரியை 12 இடம் உள்ள பாரில் திணித்தால் நெடில் எல்லாம் குறிலாகும்: 'பாட்டு' என்று எழுதியது 'பட்டு' என்று காதில் விழும். ஆங்கிலத்தில் உயிரைச் சற்றுக் குறுக்கினால் பெரும்பாலும் உச்சரிப்புதான் மாறும். தமிழில் சொல்லே மாறிவிடும். திஸ்ர ட்ராக் வந்தால் வரியை மும்மூன்று அசையாகப் புதிதாகக் கட்டவேண்டும், பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டக்கூடாது.

மூன்றாவது, ஃபைல். வீட்டில் பதிந்து அனுப்புவது இப்போது சகஜம். சினிமா ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற கணக்கு) நடக்கிறது. வீட்டு ஸ்டுடியோக்கள் பலவும் 44.1-ல் இருக்கும். 44.1-ல் பதிந்த ஃபைலை மாற்றாமல் 48 என்று தவறாக வாசித்தால் வேகம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடி, குரல் ஒன்றரை செமிடோன் மேலே போகும். 'ஏதோ குரல் சின்னப் பையன் மாதிரி இருக்கே' என்ற புகாருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அனுப்பவேண்டியது: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ், முதன்மைக் குரல், டப்ளிங் (அதே வரியை மேலே மறுபடி பாடியது), ஆட்-லிப் (இடையிடையே போடும் சின்னச் சின்னக் குரல்கள்) தனித்தனி ஸ்டெம், அதாவது தனித்தனி ஃபைல், எல்லாம் ட்ராக்கின் பூஜ்ய விநாடியிலிருந்து தொடங்கி ஒரே நீளத்தில், எதிரொலி, ஆட்டோடியூன் போடாத ஒரு பிரதி. ஆட்-லிப்பை முதன்மைக் குரலோடு கலந்து ஒரே ஃபைலாக அனுப்பினால், ஒரு சொல்லை மியூட் செய்யவேண்டி வரும்போது பக்கத்திலிருக்கும் இரண்டு சொல்லும் சேர்ந்து போகும்.

மியூட் என்றதும் சென்சார். திரையரங்கப் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்; யூடியூபில் முதலில் வரும் லிரிக் வீடியோவுக்கு அது வேண்டாம். அதனால் ரசிகர்கள் மனப்பாடம் செய்த ஒரு வரி தியேட்டரில் காணாமல் போவது நடக்கிறது. 'நா ரெடி' வெளியானதும் போதையையும் புகையையும் கொண்டாடுகிறது என்று புகார் எழுந்து, வீடியோவில் புகைபிடித்தல் எச்சரிக்கை வாசகம் சேர்க்கப்பட்டது. பழகியவர்கள் சந்தேகமான ஒவ்வொரு சொல்லுக்கும் அதே அசை எண்ணிக்கையில் ஒரு மாற்றுச் சொல்லை அதே நாளில், அதே மைக் தூரத்தில் பதிந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து வேறு அறையில் பதிந்த ஒற்றைச் சொல் எவ்வளவு மிக்ஸ் செய்தாலும் துருத்திக்கொண்டு நிற்கும்.

பழைய பாட்டைப் படத்துக்குக் கொடுக்கும்போது

வெளியான தனிப்பாடலைப் படம் கேட்டால் இரண்டு அனுமதி தேவை: வரி, இசையைப் பயன்படுத்த ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவைப் பயன்படுத்த இன்னொன்று. மறுபடி பாடிப் பதிவதாக இருந்தால் இரண்டாவது வேண்டாம், முதலாவது கட்டாயம்.

இங்கே இடறி விழ வைப்பது பீட். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு 'லீஸ்' எடுத்த பீட் பெரும்பாலும் தனியுரிமை இல்லாதது. அதே பீட் இன்னும் பல பேரிடம் இருக்கும். படத்தில் பயன்படுத்த அந்த லீஸ் அனுமதிப்பதும் அரிது. தயாரிப்பாளரின் வக்கீல் 'இந்த இசை யாருடையது' என்று கேட்கும் அன்றைக்குத்தான் இது வெளியே வரும். அதோடு, தனியுரிமை இல்லாத ஒலியை யூடியூபின் கன்டென்ட் ஐடி முறையில் (ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிப்பது) பதிவு செய்ய விதி இடம் தருவதில்லை. லேபிள் கவனிக்காமல் பதிந்துவிட்டால், அதே பீட்டில் பாடிய மற்ற எல்லோருடைய வீடியோவுக்கும் உரிமைக் கோரிக்கை போகும். ராப்பருடைய சொந்தப் பழைய வீடியோவும் அதில் மாட்டலாம். பீட் செய்தவரிடம் முழு உரிமையையும் எழுத்தில் வாங்குவது அல்லது புது பீட் போடுவது, இரண்டே வழி.

பழைய சினிமாப் பாட்டின் துண்டை வெட்டி பீட் செய்திருந்தால் கதை இன்னும் சிக்கல். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'கண்மணி அன்போடு' பயன்பட்டதற்கும், 'கூலி' டீசரில் பழைய பாட்டின் இசை வந்ததற்கும் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. லேபிளிடம் வாங்கிய அனுமதி போதுமா, இசையமைப்பாளரிடமும் வாங்கவேண்டுமா என்ற சண்டை நடக்கும் இடத்தில், அனுமதியே வாங்காத சாம்பிளோடு போய் நிற்கும் ராப்பருக்குப் பேரம் பேச எதுவும் இருக்காது.

கையெழுத்துக்கு முன் பார்க்கவேண்டியவை

1. எந்தெந்த உரிமை போகிறது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா? வரி, மெட்டு, குரல் மூன்றையும் 'சேவை' என்ற ஒரே சொல்லில் அடக்கியிருந்தால் பிரிக்கச் சொல்லவேண்டும்.

2. காலமும் எல்லையும். ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 வருடம். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் லேபிள் ஒப்பந்தங்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று தொடங்குகின்றன. ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பி வரும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் அதை ரத்து செய்கிறதா என்று பார்க்கவேண்டும்.

3. பெயர் எந்தெந்த இடத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் வரும். படத்தின் டைட்டில், யூடியூப் விவரப் பகுதி, ஸ்ட்ரீமிங் தளம் மூன்றும் வேறுவேறு கைகளால் நிரப்பப்படுகின்றன. ஒரு எழுத்து மாறினாலும் ஸ்ட்ரீமிங் தளத்தில் பாட்டு வேறொரு கலைஞர் பக்கத்தில் போய் விழும்.

4. தனிக் கட்டுப்பாடு. படம் வரும்வரை வேறு பாட்டு வெளியிடக்கூடாது என்ற வரி இருந்தால், எத்தனை நாள் என்று எழுதவேண்டும். படம் தள்ளிப்போனால் ராப்பரும் சேர்ந்து முடங்குவார்.

5. மேடை. படப் பாட்டைத் தன் நிகழ்ச்சியில் பாட அனுமதி உண்டா? நிகழ்ச்சி நடத்துபவர் ஐபிஆர்எஸ் உரிமம் எடுத்தால் வரிக்கும் இசைக்கும் அது போதும்; பின்னணியில் அசல் ட்ராக்கை ஓடவிட்டால் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமம் வேண்டும்.

கையெழுத்து முடிந்ததும் ஐபிஆர்எஸ்ஸில் சேரவேண்டும். பான், வங்கி விவரம், பாடல் பட்டியல் தேவைப்படும். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விகிதத்தோடு பதியவேண்டும். பதியாத பாட்டுக்குச் சட்டம் தரும் ராயல்டி எங்கோ கணக்கில் தூங்கும். பாடகர்களுக்கான சங்கம் தனி. அதிலும் சேர்வது நல்லது. வரும் தொகையில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். அதற்குக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கக்கூடியது கிடைக்கும்.

குரல் மாறும்போதும், மொழி மாறும்போதும்

2024-ல் 'மார்கோ' படத்தின் 'பிளட்' பாட்டு மலையாள ராப்பர் டப்சீ குரலில் வந்தது. ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எழுந்ததும் தயாரிப்புத் தரப்பு சந்தோஷ் வெங்கி குரலில் மாற்றி வெளியிட்டது. இசையமைப்பாளர் சொன்னபடிதான் பாடினேன், பேசிய பணம் வாங்கிவிட்டேன், மாற்றியதில் வருத்தமில்லை என்ற தொனியில் டப்சீ விளக்கம் தந்தார். சட்டப்படி அவர் அதைத் தாண்டிக் கேட்கவும் பெரிதாக எதுவும் இல்லை. பாடியதற்குப் பணம் உண்டு. அந்தக் குரலையே வைத்திருக்கவேண்டும் என்ற கடமை தயாரிப்பாளருக்கு இல்லை. வரி எழுதியவராக இருந்தால் குரலை மாற்றினாலும் அவருடைய பங்கு அப்படியே நிற்கும்.

பல மொழிகளில் வெளியாகும் படங்களில் இன்னொரு கேள்வி வருகிறது. தெலுங்கு, ஹிந்திப் பதிப்புக்கு ராப் பகுதியை அந்தந்த மொழிக்காரர் எழுதி, வேறு குரல் பாடும். தமிழ் வரியை மொழிபெயர்த்தால் மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்பு உரிமை அவருடையது, ஏற்கெனவே எழுதிக் கொடுத்திராவிட்டால். ஆனால் பொருளை விட்டுவிட்டுப் புதிதாக எழுதினால் அது தனிப் படைப்பு. தமிழ் ராப்பருக்கு அதில் பங்கு இல்லை. அவர் வடிவமைத்த ஃப்ளோ, மூச்சு விடும் இடம் உட்பட, அப்படியே அந்த மொழியிலும் இருக்கும். இதற்குப் பங்கு வேண்டுமென்றால் 'இதே தாள அமைப்பில் எழுதப்படும் பிறமொழிப் பதிப்புகளிலும் இத்தனை சதவீதம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும். எல்லாத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் லேபிளுக்கு அனுப்பும் பிறமொழி மாஸ்டர்கள் தயாராவதற்கு முன்பு கேட்டால் பேசவாவது இடம் இருக்கும்.